செருப்பு கட்டின வலை

கமலக்கண்ணன் வலை காணாமப் போன கதை போன வாரமே படிச்சிருப்பீங்க. விட்டுப்போனவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். கமலக்கண்ணனும் பங்காளி சாமிக்கண்ணுவும் பக்கத்துல பக்கத்துல வலை விட்டாங்க. கமலக்கண்ணன் வலையில்லாம வெறும் போட்டை ஓட்டிக்கிட்டு கரைக்கு வந்தான். "என் வலைய சாமிக்கண்ணு அடிச்சிட்டான்"னு ஊர் நடுவுல கத்தினான். பாத்தவங்க யாரும் இல்ல. ஆனா கமலக்கண்ணனுக்குத் தொண்டை பெருசு. எங்க குப்பத்துல தொண்டை பெருசா இருந்தா பாதி சாட்சி கிடைச்ச மாதிரி.

ஊர்ப் பஞ்சாயத்து கூடி ஒரு கட்டு, அதான் கட்டுப்பாடு, போட்டுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயிலு முன்னால சூடம் ஏத்துறது. எரியற சூடத்தைக் குத்தம் சொன்னவன் உள்ளங்கையால அடிச்சு அணைக்கணும். அணைச்சிட்டா அவன் சொன்னது சத்தியம். அதுக்கப்புறம் சாமிக்கண்ணு குடும்பத்துக்கு ஊர்ல நல்லது கெட்டது கிடையாது, கொழாத் தண்ணி கிடையாது, கடலும் கிடையாது. அதுவரைக்கும் சாமிக்கண்ணு போட்டு மணல்ல கிடக்கணும்.

கமலக்கண்ணன் பொண்டாட்டி சுலோசனா பஞ்சாயத்து வரைக்கும் பொறுக்கற ரகமா? அன்னிக்கே சாமிக்கண்ணு வாசலுக்குப் போயி, ரெண்டு கையாலயும் மண்ணை வாரித் தூத்தினா. "என் வலைய எடுத்தவன் வீடு இதே மாதிரி மண்ணாப் போவ"ன்னா. சாமிக்கண்ணு பொண்டாட்டி அஞ்சலாட்சி கதவோரமா நின்னு, தலைமுடியில விழுந்த மண்ணைக்கூட தட்டாம பாத்துக்கிட்டே இருந்தா.

இன்னிக்கு அந்த ஞாயித்துக்கிழமை.

*

"என்னாடி, ஊருக்குப் புத்தி சொல்லக் கெளம்பிட்டியா?"

சுலோசனா மீன் விக்கற அன்னக்கூடைய உமி போட்டுத் தேய்ச்சுக்கிட்டே கேட்டா. மக சுமலதா கண்ணாடி முன்னால நின்னு துப்பட்டாவுக்குப் பின்னு குத்திக்கிட்டு இருந்தா. டிகிரி முடிச்சிட்டு ஒரு ட்ரஸ்ட்டுல வேலை. சுனாமிக்கு அப்புறம் குப்பத்துக்குள்ள நண்டு வளைய விட ட்ரஸ்ட்டுங்க அதிகமாச்சு. அதுல ஒண்ணு.

"புத்தி இல்லம்மா, விழிப்புணர்வு. கடல்ல பிளாஸ்டிக் போடக்கூடாதுன்னு."

"அதான். தூங்கறவன எழுப்பறது. ஊரே கோழி கூவறதுக்கு முன்னால எழுந்து கடலுக்குப் போவுது. நீ வெயில் மூஞ்சில அடிச்சப்புறம் எழுந்து வந்து அவங்கள எழுப்பப் போற."

"உனக்கு எல்லாம் கிண்டல்தான். கூடையில கழிவு மீன வெச்சுக்கிட்டு நல்ல மீன்னு விக்கிறவதானே நீ."

"வித்துதான்டி உன்ன படிக்க வெச்சேன். நீ போட்டுக்கினு போற அந்த பேட்ஜு, அது கூட நாறும், மோந்து பாரு."

கமலக்கண்ணன் உள்ள இருந்து வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை, நெத்தி நெறய விபூதி. இன்னிக்கு ட்ரஸ்ட்டு நடத்தற விழாவுல அவனுக்கு சால்வை போடுறாங்க. 'கடலைக் காக்கும் மீனவர்'னு. மக வேலை பாக்கற எடம், அதனால அப்பனுக்கு சால்வை. அதுக்குப் போயி தகுதி திறமையெல்லாம் யாரு பாக்கறா?

"நைனா, மேடையில வந்து வலையில வர்ற கவரு பாட்டிலையெல்லாம் நான் கரைக்குக் கொண்டாறேன்னு ரெண்டு வார்த்த சொல்லணும்."

"நான் எங்கடி கொண்டாறேன்?"

"கொண்டாறேன்னு சொல்லணும்ன்றேன்."

"குப்பையப் போட்டுல ஏத்திக்கினு வந்தா மறுநாளு பாடு படாது, மீனே மாட்டாது. எங்கப்பன், அவங்கப்பன் எல்லாருக்கும் அதான் வழக்கம். வலையில மீனு வந்தா மீனு, வேற எது வந்தாலும் அந்த எடத்துலயே தண்ணிக்கு விட்டுடணும்."

"உங்கப்பன் காலத்துல வலையில பால் கவரா நைனா வந்துச்சு?"

"எது வந்தா என்னா? கடல்ல வந்தது கடலுக்குப் போவுது. உனக்கு எங்க வலிக்குது?"

சுமலதா திரும்பினா. அப்பனைப் பாத்த பார்வையில அவ மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுது. இவங்களுக்குப் பொறந்துட்டு இவங்களத் திருத்தவும் வேண்டியிருக்கேன்னு ஒரு சலிப்பு. படிச்ச புள்ளைங்களுக்கு அந்தப் பார்வை இனாமா வந்துடும்.

"சாயங்காலம் சூடம். ஞாபகம் இருக்கா?"ன்னா சுலோசனா புருஷன்கிட்ட.

"இருக்கு."

"கை சுடும்னு பயப்படாத. உண்மைக்காரன் கைய சூடம் சுடாது."

கமலக்கண்ணன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டே வெளிய போயிட்டான். பித்தானை ஒண்ணு மேல ஒண்ணு மாத்திப் போட்டிருந்தான். சுலோசனா அதைப் பாத்தா. அப்ப ஒண்ணும் தோணல.

*

கடற்கரையில, அலைக்குத் தடுப்பா கொட்டி வெச்ச கருங்கல்லு பக்கத்துல, சாமியானா. முன்னால பெரிய ஃபிளெக்ஸ் பேனரு, 'பிளாஸ்டிக் இல்லாத கடல்'. ஃபிளெக்ஸ் எதுல செய்யறாங்கன்னு யாரையும் கேக்காதீங்க. மேடை ரெண்டு பக்கமும் தெர்மகோல்ல வெட்டின மீனுங்க நைலான் கயித்துல தொங்குது. காத்தடிக்கும்போதெல்லாம் தெர்மகோல் உருண்டை உருண்டையா பிச்சுக்கிட்டு கடலுக்குப் பறக்குது. வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி பாக்கெட்டு. அப்புறம் எலுமிச்ச சாதம், தயிர் சாதம், ரெண்டும் கவருல. ஊறுகா தனியா குட்டிக் கவருல.

குப்பத்து ஜனம் பூராவும் வந்துச்சு. கடலக் காப்பாத்தவா? சாப்பாட்டுக்கு. அதுல ஒரு தப்பும் இல்ல. தண்ணி பாக்கெட்டக் கடிச்சுக் குடிச்சிட்டுத் தூக்கி மணல்ல போட்டாங்க. அலை வந்து வாரிக்கிட்டுப் போச்சு.

ட்ரஸ்ட்ட நடத்தறது லிலியான் மதாம். தமிழ்க் குடும்பம்தான், ஆனா பிரான்ஸ் குடியுரிமை. வீட்டுக்காரரு அந்த நாட்டுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு, எங்க ஊருல சொல்தாம்பாங்க. மதாம் கடலக் கப்பல்லேருந்து பாத்திருக்காங்க, மொட்டை மாடியிலேருந்து பாத்திருக்காங்க. இன்னிக்கு மணல்ல செருப்பு புதையுதுன்னு அவங்க நடந்து வர்றதுக்கு ஒரு கோணிய விரிச்சிருந்தாங்க.

"போன்ழூர், வணக்கம், என் மீனவ சகோதரங்களே!"

சகோதரங்க தயிர் சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

கமலக்கண்ணனுக்கு சால்வை போட்டாங்க. அவன் மைக்க ஒரு மொறை பாத்துட்டு, "நான் கொண்டாறேன்"னு மட்டும் சொன்னான். எதைன்னு சொல்லல. கைத்தட்டினாங்க. போயி முன் வரிசையில உக்காந்தான்.

அப்புறம் சுமலதா பேசினா. நல்லாத்தான் பேசினா. ஆமை கவரை இழுதுன்னு, அந்த ஜெல்லி மீனுன்னு, நெனச்சுத் தின்னுட்டு சாவறதச் சொன்னா. மீன் வயித்துல பிளாஸ்டிக் இருக்கறதச் சொன்னா. அதோட விட்டிருக்கலாம். விடல.

"இதெல்லாம் யாரு பண்றது? டவுன்காரன் பண்றான், ஃபேக்டரிக்காரன் பண்றான்னு சொல்லிக்கிட்டே இருக்கோம். நாம பண்றது? அறுந்த வலைய என்னா பண்றோம்? கத்திய எடுத்து வெட்டி, அங்கயே விட்டுட்டு வர்றோம். அந்த வலை சும்மா இருக்குமா? ஆளே இல்லாம அது பாட்டுக்கு மீன் புடிச்சுக்கிட்டே இருக்கும். ஆமையப் புடிக்கும். அப்படி வெட்டி விட்டவன் மீனவனா? நான் சொல்றேன், அவன் கொலைகாரன்!"

கூட்டத்துல சாப்பாட்டுக் கை கொஞ்சம் நின்னுச்சு. சொந்த ஊர்ப் பொண்ணு, சொந்த ஊரு ஆம்பளைங்கள மைக்குல கொலைகாரன்றா. அன்னக்கூடையோட ஓரமா நின்ன சுலோசனாவுக்கே உடம்பு கூசுச்சு. ஆனா உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு. பொண்ணுக்கு அப்பன் தொண்டைதான்.

மேடையில ஒரு மேஜை. மேஜை மேல வெள்ளைத் துணி போட்டு மூடி ஏதோ இருந்துச்சு. மதாமோட அக்கா மகன் தியரி, லீவுல பிரான்ஸ்லேருந்து வந்தவன், காலாப்பட்டு கரையில கண்டெடுத்தது. உள்ள செத்த பங்குனி ஆமை மாட்டியிருந்துச்சாம். ஆமையப் பொதைச்சிட்டு வலைய மட்டும் கொண்டாந்திருந்தாங்க. காலையிலதான் வண்டியில வந்து எறங்குச்சு. சுமலதா இன்னும் பாக்கல. துணிய அவதான் எடுக்கணும்னு மதாம் சொல்லியிருந்தாங்க. அப்பதான் போட்டோ நல்லா வருமாம்.

"இதோ பாருங்க! ஒரு கொலைகாரன் விட்ட வலை!"

துணிய இழுத்தா.

நாத்தம் முதல்ல வந்துச்சு. அப்புறம் வலை. பச்சை நைலான், பாசி புடிச்சு, சாக்கும் கவரும் சுத்திக்கிட்டு. மேல் கயித்துல வரிசையா மிதவைங்க. எங்க ஆளுங்க மிதவைய விலை குடுத்து வாங்க மாட்டாங்க. வீட்டுல பிஞ்சுபோன ரப்பர் செருப்ப வட்ட வட்டமா வெட்டி, ஓட்டை போட்டுக் கோத்துடுவாங்க. ஒவ்வொரு வலையிலயும் ஒரு குடும்பமே தொங்கும். அப்பன் செருப்பு, ஆத்தா செருப்பு, புள்ளைங்க செருப்பு.

இந்த வலையில ஒரு நீல செருப்புத் துண்டு. அதுல நகப்பாலீஷ்ல வரைஞ்ச செவப்புப் பூ. ஆறு இதழு, ஒரு இதழு மட்டும் கோணலு.

பள்ளிக்கூடம் போற காலத்துல, கோயில் வாசல்ல செருப்பு மாறிப்போவுதுன்னு சுமலதா தன் செருப்புல வரைஞ்ச பூ.

பக்கத்துல மேல் கயித்தோட முனை. பிஞ்ச முனை இல்ல. ஒரே வெட்டா கத்தியால அறுத்த முனை.

சுமலதா கையில துணி அப்படியே நின்னுச்சு. முன் வரிசையப் பாத்தா. கமலக்கண்ணன் சால்வையோட உக்காந்து, தன் காலைப் பாத்துக்கிட்டு இருந்தான். அந்த ஒரு பார்வையில எல்லாம் முடிஞ்சு போச்சு. வலை திருட்டுப் போகல. சாமிக்கண்ணு எடுக்கல. இவன் வெட்டி விட்டான்.

"கோன்தினுயே, மா. சொல்லு சொல்லு"ன்னு மதாம் பின்னால இருந்து தூண்டினாங்க.

சுமலதா ஓரமாப் பாத்தா. அம்மா நிக்கறா. அம்மாவும் பூவைப் பாத்துட்டா. சுலோசனா தலைய லேசா, ரெண்டே ரெண்டு தடவை ஆட்டினா. வேணாம்.

கூட்டத்துக்குக் கடைசியில, யாரும் பக்கத்துல நிக்காத எடத்துல, அஞ்சலாட்சி தனியா நின்னுக்கிட்டு இருந்தா. அவளுக்குச் சாப்பாடு கவரு யாரும் குடுக்கல.

மைக்கு கிட்ட சுமலதா வாய் போச்சு.

"இந்த... இந்த வலை யாருதுன்னு தெரியாது. எந்த ஊரோ. எங்கேர்ந்தோ வந்தது. நன்றி, வணக்கம்."

துணிய மறுபடியும் போத்தற மாதிரி குனிஞ்சு, அந்த நீலத் துண்ட ஒரே இழுப்புல கிழிச்சு எடுத்து துப்பட்டாவுல சுருட்டிக்கிட்டா. பெருசா கைத்தட்டல். கொலைகாரன்னு கத்தினவ திருடியா மேடைய விட்டு எறங்கினா. அதுக்கும் போட்டோ எடுத்தாங்க.

*

வீட்டுக்கு வந்து கதவச் சாத்தினாங்க.

"எதுக்கு நைனா?"

கமலக்கண்ணன் சால்வைய மடிச்சு, மடிச்சத பிரிச்சு, மறுபடியும் மடிச்சான்.

"அடியில ஏதோ சாக்கு மூட்டை. பழைய வலை, சாக்கு, கவரு எல்லாம் பந்து மாதிரி. நம்ம வலை அதுல மாட்டிக்கிச்சு. என்ஜின் விசிறியிலயும் சுத்திக்கிச்சு. போட்டு சாஞ்சிடும் போல இருந்துச்சு. வெட்டினேன்."

"வெட்டினேன்னு வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிடி சொல்றது? பொறந்ததுலேருந்து நான் வலைய வுட்டுட்டு வந்ததில்ல. நேத்து கடலுக்குப் போன பயலுவ கூட சிரிப்பானுவோ. கரையில எறங்கறேன், வலை எங்கன்னு கேட்டானுவோ. சாமிக்கண்ணுதான் பக்கத்துல இருந்தான். வாயில வந்துடுச்சு."

"வாயில வந்துடுச்சு!" சுலோசனா சிரிச்சா. நல்ல சிரிப்பு இல்ல. "யோவ், நான் தலையில கூடை தூக்கி வாங்கின வலைய்யா அது. கோயிந்தசாலை வரைக்கும் வெயில்ல நடந்து வாங்கினது. அதை வுட்டுட்டு வந்தது பெருசில்ல. அவன் திருடன்னு என்னையும் நம்ப வெச்ச பாரு. நான் போயி அந்தப் பொம்பள வாசல்ல மண்ணு தூத்தினேனேய்யா! தப்பா தூத்தின மண்ணு எங்க வரும் தெரியுமா? தூத்தினவ வீட்டுக்கு வரும்!"

"வெட்டினதுல என்னா தப்பு? குப்பை சுத்திக்கினா வுட்டுடறதுதானே வழக்கம்."

"ஆங், வழக்கம்!" சுமலதா சீறினா. "கடல்ல வந்தது கடலுக்குப் போச்சு. இப்ப காலாப்பட்டுல ஏறி ஊருக்கு வந்துடுச்சு, பாத்தியா? அதையும் ஏதாவது வழக்கம்னு சொல்லு."

"நீ வாய மூடுடி." சுலோசனா மக பக்கம் திரும்பினா. "ஊருக்கெல்லாம் கொலைகாரன்னு பட்டம் குடுத்த. அப்பன் வலைன்னதும் வாயில கொழுக்கட்டையா?"

"நீதானேம்மா தலையாட்டின!"

"நான் ஆட்டுவேன்டி. நான் மீன் விக்கிறவ. அழுகின மீன நல்ல மீனுன்னு விக்கிறவ. என் புருஷன்னா நான் மறைப்பேன். நீ பேட்ஜு குத்தினவ இல்ல? நான் ஆட்டினா நீ அடங்கிடுவியா? அதுக்கு எதுக்குடி டிகிரி?"

சுமலதாவுக்குக் கண்ணு கலங்குச்சு. ஆனா அழல. இந்த வீட்டுல அழுதா அதுக்கும் ஒரு கிண்டல் வரும்.

"சாயங்காலம் சூடத்த அணைக்கப் போறியா நைனா?"

கமலக்கண்ணன் மடிச்ச சால்வைய எடுத்துப் பரண்ல சொருகினான்.

"கேக்கறேன் இல்ல."

"அணைக்கலன்னா நான் பொய்யன். ஊருல தலை காட்ட முடியாது. அணைச்சிட்டா ஒரு நாளு கை எரியும், அவ்வளவுதான். சாமிக்கண்ணு சின்ன வயசு. வேற ஊரு போயிப் பொழைச்சிப்பான்."

இதைச் சொன்னவன் காலையில 'கடலைக் காக்கும் மீனவர்'.

"அந்த வலை இப்ப எங்க?"ன்னு சுலோசனா கேட்டா.

"மதாம் வீட்டுக்குப் போயிருக்கும். கருவடிக்குப்பம்"னா சுமலதா.

"போயி எடுத்தாந்துடு. எடுத்தாந்து கொளுத்திடு"ன்னான் கமலக்கண்ணன்.

சுமலதா செருப்ப மாட்டிக்கிட்டா. "எடுத்தாறேன். கொளுத்த இல்ல. பஞ்சாயத்து நடுவுல போடறதுக்கு."

சுலோசனா இந்த தடவை தலைய ஆட்டல. தடுக்கவும் இல்ல.

*

கருவடிக்குப்பத்துல மதாம் வீட்டு வாசல்ல கேட்டு, கேட்டுக்குள்ள காகிதப்பூ, பூவுக்குள்ள ஒரு நாயி. மதாம் சோபாவுல கால நீட்டிக்கிட்டு, மேல ஃபேன், கையில குளிர்ந்த எலுமிச்ச ஜூஸு. தியரி மடியில கம்ப்யூட்டரு.

"ஆ, சுமா! வா வா. இங்க பாரேன்." கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டினாங்க. சுமலதா துணிய இழுக்கற போட்டோ. "உன் மொகத்துல என்ன ஒரு வேதனை! கடலுக்காக ஒரு மீனவப் பொண்ணு படற வேதனை! இதைப் பெருசா பிரிண்ட் போட்டு பாரிஸ் ஆபீசுக்கு அனுப்பறோம். மாக்னிஃபீக்! பிரமாதம்!"

சுமலதா தன் மூஞ்சியத் தானே பாத்தா. வாய் தொறந்து, கண்ணு முழிச்சு. அப்பன் திருட்டுத்தனத்தக் கண்டுபுடிச்ச மூஞ்சி. அது கடலுக்கான வேதனையாம்.

"மதாம், அந்த வலை வேணும்."

"எந்த வலை?"

"மேஜையில இருந்துச்சே. ஆமை வலை."

"ஓ, அதா." மதாம் மூக்கச் சுளிச்சாங்க. "என்ன நாத்தம் மா! வண்டியில ஏத்தாதீங்கன்னு நான்தான் சொன்னேன். காலையில வந்த நாத்தமே இன்னும் சீட்டுல இருக்கு."

"அப்ப எங்க வெச்சீங்க?"

"சாமியானாக்காரப் பசங்ககிட்ட சொல்லிட்டோமே, மிச்சக் குப்பையோட போட்டுடுங்கன்னு."

"எங்க போட்டாங்க?"

தியரிதான் பதில் சொன்னான், தடுக்கித் தடுக்கி தமிழ்ல. "கல்லு... கல்லு மேலேருந்து. தண்ணியில. எல்லாம் சேத்து."

"அங்க குப்பைத் தொட்டி இல்லியே மா"ன்னாங்க மதாம். "உங்க பஞ்சாயத்துல சொல்லி ஒரு தொட்டி வெக்கச் சொல்லு. அடுத்த ப்ரோக்ராமுக்கு உதவும். ஜூஸ் குடிக்கிறியா?"

சுமலதா குடிக்கல. பேட்ஜக் கழட்டி டீப்பாய் மேல வெச்சா. மதாம் அதைப் பாக்கவும் இல்ல. போட்டோவுல தெர்மகோல் மீனு பின்னால அழகா விழுந்திருக்குன்னு தியரிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

*

அம்மன் கோயிலு முன்னால மணல்ல ஆம்பளைங்க வட்டமா உக்காந்திருந்தாங்க. நடுவுல ஊர்த் தலைவரு, நாட்டாரு இராமதாஸ். எங்க ஊருல பஞ்சாயத்துல பொம்பளைங்க பேசக்கூடாது. பின்னால, தள்ளி, நிக்கலாம். கேக்கலாம். அவங்க வீட்டுத் தலையெழுத்து தீர்மானமாகறத வேடிக்கை பாக்கலாம். ஆம்பளைங்க பேசினாத்தான் நியாயம் நேரா நிக்கும்னு ரொம்ப நாளா அவங்களே முடிவு பண்ணி வெச்சிருக்காங்க.

சுத்தி மணல்ல காலையில தின்ன சாப்பாட்டுக் கவரு. ஒரு கவரு காத்துல வந்து நாட்டாரு காலுல சுத்திக்கிச்சு. அவரு எடுத்து பக்கத்துல போட்டாரு. அது அடுத்தவரு காலுல போயி சுத்திக்கிச்சு.

"சாமிக்கண்ணு, நீ என்னா சொல்ற?"

"எடுக்கல." சாமிக்கண்ணு குரலு பக்கத்து ஆளுக்குத்தான் கேட்டுச்சு. "அம்மன் மேல ஆணையா எடுக்கல. போட்டு மணல்ல காயுது. வீட்டுல அடுப்பு காயுது. என் பொண்டாட்டி கொழாவுக்குப் போனா கொடத்த எடுத்து அப்பால வெக்கிறாங்க. இன்னும் தீர்ப்பே ஆவல."

"கமலக்கண்ணா, உன் சொல்லுல நீ நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

பின்னால நின்ன சுலோசனா அதைக் கேட்டா. பக்கத்துல சுமலதா மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னா. வெறுங்கையோட.

"வலை எங்கடி?"

"கடல்ல போட்டுட்டாங்களாம்."

சுலோசனா திட்டல. திட்டறதுக்கு வார்த்தை தேடற அளவுக்கு அந்த மதாம் மேல மரியாதை இல்ல. ரெண்டு அடி தள்ளி அஞ்சலாட்சி நிக்கறத மட்டும் பாத்தா. அவ கண்ணு நாட்டாரு கையில இருந்த சூடத்து மேலயே இருந்துச்சு.

இராமதாஸ் ஒரு மண் ஓட்டுத் துண்டு மேல சூடத்த வெச்சுக் கொளுத்தினாரு. கமலக்கண்ணன் எழுந்தான். சட்டைக் கைய ஏத்தி விட்டான். காலையில மாத்திப் போட்ட பித்தான் இன்னும் அப்படியே இருந்துச்சு. கைய நீட்டினான். பாதி வழியில நிறுத்தினான். நெருப்புக்கு பயப்படறான்னு ஊரு நெனச்சுச்சு.

சுலோசனா நடந்தா. பொம்பளைங்க நிக்கற எடத்தத் தாண்டி, ஆம்பளைங்க வட்டத்துக்குள்ள. "ஏம்மா, ஏம்மா, அப்பால போ"ன்னு நாலு பேரு கத்தினாங்க. அவ வாய தொறக்கல. பேசக்கூடாதுன்னுதானே கட்டு? மண்ணு தூத்தக்கூடாதுன்னு யாரும் கட்டுப் போடல.

குனிஞ்சா. ரெண்டு கை நெறய மண்ணை வாரினா. சொந்தப் புருஷன் காலுக்குக் கீழ வீசித் தூத்தினா.

சூடம் அணைஞ்சு போச்சு. கமலக்கண்ணன் கை அது மேல படவே இல்ல.

உக்காந்திருந்தவங்க பாதிப் பேரு எழுந்துட்டாங்க. பொண்டாட்டியே புருஷனுக்கு மண்ணு தூத்தினத யாரும் பாத்ததில்ல.

"இதுக்கு என்னா அர்த்தம் கமலக்கண்ணா?"ன்னாரு இராமதாஸ்.

கமலக்கண்ணன் வேட்டியில விழுந்த மண்ணைப் பாத்தான். இந்த ஒரு தடவை அவனுக்குத் தொண்டை இல்ல.

சுமலதாவும் வட்டத்துக்குள்ள வந்தா. துப்பட்டா முடிச்ச அவுத்து, அந்த நீல செருப்புத் துண்ட எடுத்து, அணைஞ்ச சூடத்துக்குப் பக்கத்துல வெச்சா. அவளும் பேசல. பேசறதெல்லாம் காலையிலயே மைக்குல பேசித் தீத்துட்டா. மேடையில இருந்த வலையில அந்தச் செவப்புப் பூவப் பாத்தவங்க கூட்டத்துல நாலஞ்சு பேரு இருந்தாங்க. ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க.

"யாரு செருப்புடா இது?"ன்னாரு இராமதாஸ்.

கமலக்கண்ணன் வேட்டி மண்ணைத் தட்டினான்.

"என் பொண்ணுது"ன்னான் கமலக்கண்ணன். அப்புறம், யாருக்கும் கேக்காதுன்னு நெனச்ச மாதிரி, "நான்தான் வெட்டி வுட்டேன். சாமிக்கண்ணு எடுக்கல."

இராமதாஸ் அவன ஏற எறங்கப் பாத்தாரு. காலையில அவனுக்கு சால்வை போட்டப்ப கைத்தட்டின ஆளுதான் அவரும். "உனக்கு என்னான்னு நாளைக்குக் கூடிச் சொல்றோம்"னாரு. "சாமிக்கண்ணு, உன் மேல கட்டு இல்ல. விடியறப்ப மொத போட்டு உன்னுதுதான் எறங்கணும். ஊரு உனக்குக் குடுக்கற மரியாதை."

சுலோசனா அஞ்சலாட்சி முன்னால போயி நின்னா. மன்னிச்சிடுன்னு சொல்ல வாய் வரல. அவ வாய் அதுக்குப் பழகினதில்ல. "நாளைக்குக் கொழாவுக்கு வா. ஒங்கொடத்துக்கு நானே தண்ணி புடிச்சுத் தர்றேன்"னா.

"எங்கொடத்த நீ தொட வேணாம்க்கா"ன்னா அஞ்சலாட்சி. நிதானமாத்தான் சொன்னா. சொல்லிட்டுப் புருஷன் பக்கம் போயிட்டா.

சாமிக்கண்ணு குனிஞ்சு அந்த செருப்புத் துண்ட எடுத்தான். விரலால பூவைத் தடவினான்.

"மிதவை இங்க இருக்கு"ன்னான். "அப்ப வலை எங்க?"

அது தெரிஞ்சது ஆத்தாளுக்கும் மகளுக்கும்தான். சுமலதா கல்லுக்கு அப்பால கடலப் பாத்தா. காலையில குடிச்ச தண்ணி பாக்கெட்டுங்க மட்டும் அலையில ஏறி எறங்கிக்கிட்டு இருந்துச்சு. பச்சை நைலான் தண்ணிக்குள்ள இருந்தா கண்ணுக்குத் தெரியாது. விடியறப்ப சாமிக்கண்ணு போட்டு எறங்கற தடமும் அந்தக் கல்ல ஒட்டித்தான்.